மீனுக்குக் கைதட்டிய அக்கா

என் தோழி சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டபோது எங்கள் அலாஸ்கா பயணத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. விமானச் சீட்டு, கூடாரம் போட இடம், அருவிக்குப் பக்கத்து ஏரியில் இறக்கிவிடும் சின்ன மிதவை விமானம் என்று எல்லாவற்றையும் ஜனவரியிலேயே இரண்டு பேருக்குப் பதிவு செய்து வைத்திருந்தோம். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் அழுதாள். வலியால் இல்லை.

"கரடி போச்சுடி," என்றாள்.

இது நடந்தது 2007இல். நான் ஜெர்மனியில் எர்லாங்கனுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் வேலை. வார நாளெல்லாம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சனி ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அலாஸ்கா ஆசை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிடித்தது. அங்கே கிடந்த பழைய பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்கு ஒரு படம். அருவியின் விளிம்பில் பழுப்புக் கரடி ஒன்று வாயைத் திறந்து நிற்கிறது. ஒரு சால்மன் மீன் காற்றில் எழும்பி நேராக அந்த வாய்க்குள் போகப்போகிறது. என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்களாம், எனக்குக் கேட்கவில்லை. இப்படி ஒரு படம் நானும் எடுத்தே தீருவது என்று பல் பிடுங்கும் நாற்காலியில் வாயைத் திறந்தபடி முடிவு செய்தேன். விருதுநகரில் மீன் வாடையே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்குச் சால்மனையும் தெரியாது, கரடியையும் தெரியாது. அதெல்லாம் அப்போது ஒரு தடையாகவே படவில்லை.

தோழிக்குப் பதிலாக அலுவலகத்தில் நாலு பேரைக் கேட்டேன். ஒருத்திக்கு அதே வாரம் தங்கை கல்யாணம். இன்னொருத்திக்குக் கூடாரம் என்ற சொல்லைக் கேட்டாலே முதுகு வலித்தது. தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. இந்தச் சோகத்தோடுதான் ஒரு சாயங்காலம் கீழ்வீட்டு அக்காவிடம் போய்ப் புலம்பினேன்.

அக்கா யாழ்ப்பாணத்துப் பக்கம். எண்பதுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தவர். அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் விற்கும் பகுதியில் வேலை பார்த்தார். வெள்ளைத் தொப்பியும் ரப்பர் ஏப்ரனுமாக, பனிக்கட்டி மேல் அடுக்கிய மீன்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்து ஆட்களின் ராகத்தோடு ஜெர்மன் பேசுவார். இன்றைக்கு எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று கேட்பவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதற்காகவே அவரிடம் தனி வரிசை நிற்கும்.

"சால்மன் எண்டா எங்கட லாக்ஸ் தானே?" என்று கேட்டார். ஜெர்மனில் அதற்கு லாக்ஸ் என்று பெயர்.

"ஆமாக்கா."

"அது உயிரோட பாயுமோ?"

"கடல்லேருந்து ஆத்துக்குள்ள வரும்க்கா. அருவி வந்துட்டா கீழேருந்து மேல தாவும். நல்ல உயரத்துக்கு."

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பதினெட்டு வருசமா இந்த மீனை வெட்டிறன் தங்கச்சி. தோல் உரிச்சு, முள்ளெடுத்து, துண்டு போட்டு... கண்ணைக் கட்டி விட்டாலும் வெட்டுவன். ஒருநாளும் அது நீந்திறதைப் பாக்கேல்லை."

மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "நான் வாறன்," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "ரொம்பக் குளிரும்க்கா. டென்ட்லதான் தூங்கணும். கரடி சுத்தி நடமாடிட்டே இருக்கும்."

"நடமாடட்டும். இஞ்ச பாருங்கோ, இருபது வருசத்தில நான் எங்க போயிருக்கிறன்? லண்டன், பாரிஸ், டொரொண்டோ. எல்லாம் கலியாண வீடு, இல்லாட்டிச் செத்த வீடு. டொரொண்டோவில நான் பாத்தது ஆறு பேற்ற வரவேற்பறை. ஒரு சொந்தக்காரரும் இல்லாத இடத்துக்கு ஒருக்காலாவது போகோணும். நீங்கள் கரடியைப் பாருங்கோ. நான் மீனைப் பாக்கிறன்."

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். நான் அவரை அண்ணை என்பேன். அவருக்கு இந்த யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை. முந்தைய கோடையில்தான் ஒரு கரடி ஆல்ப்ஸ் மலை தாண்டிப் பவேரியாவுக்குள் வந்து ஆடுகளை அடித்து, நாடு முழுக்க அதே பேச்சாகி, கடைசியில் அதைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

"இஞ்ச ஒரு கரடி வந்ததுக்கே எல்லாரும் அந்தப் பாடு பட்டவை. நீர் அதுகள் கூட்டமா நிக்கிற இடத்துக்குப் போகப் போறீரோ? கரடி பாக்க ஆசையெண்டா ஞாயிற்றுக்கிழமை நியூரன்பெர்க் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போறன். அங்க வெள்ளைக் கரடியே நிக்குது."

"அங்க லாக்ஸ் பாயுமோ?" என்றார் அக்கா.

மறுநாள் அண்ணையே போய் அக்காவுக்கு நடைக்கான பூட்ஸ் வாங்கி வந்தார். அளவு சரியில்லை என்று மூன்று முறை கடைக்கும் வீட்டுக்கும் அலைந்ததும் அவர்தான்.

அமெரிக்க விசாவுக்காக நான் பிராங்பர்ட் தூதரகத்தில் நேரம் வாங்கி, சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம், அலுவலகக் கடிதம் என்று ஒரு கோப்பைக் கட்டிக்கொண்டு போய், காலையிலிருந்து வரிசையில் நின்றேன். அக்காவுக்கு இரண்டு வருஷம் முன்பு ஜெர்மன் குடியுரிமை கிடைத்திருந்தது. அதனால் அவருக்கு விசாவே வேண்டாம். அதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"ஒண்டுமே தேவையில்லையோ?"

"ஒண்ணுமே வேண்டாம்க்கா. பாஸ்போர்ட் போதும்."

"நான் இந்த நாட்டில எத்தனை அன்ட்ராக், எத்தனை விண்ணப்பம் எழுதினனான் தெரியுமோ? ஆரம்பத்தில பக்கத்து மாவட்டத்துக்குப் போகவும் எங்களுக்குத் தாள் வேணும்." அலமாரியிலிருந்து அந்தச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இப்ப நீங்கள் படிச்ச பிள்ளை வரிசையில நிக்கிறியள், நான் கையை வீசிக்கொண்டு போறன்," என்று சொல்லிச் சிரித்தார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் சிரித்தார்.

மீதி இருந்த வாரங்களில் நான் பயிற்சியில் இறங்கினேன். எர்லாங்கனுக்கு மேற்கே சைக்கிளில் போகிற தூரத்தில் கெண்டை மீன் வளர்க்கும் குளங்கள் நிறைய உண்டு. அவற்றின் கரைகளில் சாம்பல் நாரைகள் தவம் கிடக்கும். நாரை மீன் பிடிக்கும் நொடியைப் பிடித்துவிட்டால் கரடியையும் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பழையதாக விலைக்கு வாங்கிய நீள லென்ஸை முக்காலியில் மாட்டி மணிக்கணக்காக உட்கார்ந்தேன். நாரை அசையாது நிற்கும் படங்கள் கிடைத்தன. நாரை மீனை விழுங்கிவிட்டு அலகைத் துடைக்கும் படங்கள் கிடைத்தன. நடுவில் நடந்தது எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மசாலா அடைத்த ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு துணைக்கு வந்தார். நாரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல பொறுமைசாலி," என்றார். என்னையா நாரையையா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை நடுவில் பிராங்பர்ட்டிலிருந்து கிளம்பினோம். விமானம் முழுக்க ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பை வைத்த கால்சட்டை, ஒரே மாதிரித் தொப்பி. ஆங்கரேஜில் ஒரு நாள் தங்கி, இன்னொரு ஊர் வரை வேறு விமானத்தில் போய், அங்கிருந்து மிதவை விமானத்தில் ஏறினோம். அது ஏரித் தண்ணீரில் இறங்கிக் கரையை நெருங்கும்போது விமானி கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் இறங்க வேண்டிய மணலில் ஒரு கரடி நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் வழிவிடும் அவசரம் அதற்கு இல்லை. அது போய் முடியும்வரை விமானத்திலேயே உட்கார்ந்திருந்தோம். நான் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுப்பதற்குள் அது மரங்களுக்குள் போய்விட்டது.

வந்தவுடன் எல்லாரும் ஒரு சின்ன மரவீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். இளவயது வனக்காவலர் பெண் ஒருவர் விதிகளைச் சொன்னார். கரடிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஓடாதீர்கள். காட்டுப் பாதையில் நடக்கும்போது கைதட்டுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் கரடிக்குக் கோபம் வரும். வாசனை உள்ள எந்தப் பொருளையும் கூடாரத்தில் வைக்காதீர்கள், பற்பசையைக்கூட. எல்லாவற்றையும் வேலி போட்ட உணவுக் கிடங்கில் கொடுத்துவிடுங்கள்.

நான் அக்காவுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னக்கா?"

"ஒரு சின்னப் போத்தல் கொண்டு வந்தனான்."

"என்ன போத்தல்?"

"மாசிச் சம்பல்."

காய்ந்த சூரை மீனை இடித்து, மிளகாயும் வெங்காயமும் போட்டு வதக்கியது. அதைத் தன் மாற்றுடைகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தார். கரடிகள் மீனுக்காகக் கூடுகிற இடத்துக்கு, உடுப்புக்குள் மீன் சம்பலோடு வந்திருந்தோம். வனக்காவலரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூடியைக் கொஞ்சமாகத் திறந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சட்டென்று மூடி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். அக்காவின் உடுப்புகளும் அந்தக் கிடங்கிலேயே தங்க வேண்டியதாயிற்று. அந்த நாலு நாளும் அவர் என் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டார். பித்தான் பூட்ட வரவில்லை என்று மேலே மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை.

அருவிக்கு முக்கால் மணி நேரக் காட்டு நடை. கைதட்டியபடி நடந்தேன். அக்கா கைதட்டவில்லை, பேசினார். கண்ணுக்குத் தெரியாத கரடிகளோடு நேரடியாகப் பேசினார். "நாங்கள் ரெண்டு பேர்தான் வாறம். உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் தர மாட்டம். நீங்கள் உங்கட பாட்டில இருங்கோ." கொசு கடிக்கும்போது மட்டும் பேச்சு நின்று ஓர் அடிச் சத்தம் கேட்கும்.

பாதித் தூரத்தில் பாதை வளைகிற இடத்தில் உண்மையாகவே ஒன்று வந்தது. இளங்கரடி. ஆனாலும் எங்கள் வீட்டுச் சோபா அளவு இருக்கும். பாடத்தில் சொன்னபடி பாதையை விட்டுப் பின்னால் ஒதுங்கி மரங்களுக்கிடையே நின்றோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைக்கு வரும் ஆட்களிடம் பேசும் அதே குரலில், "வாங்கோ தம்பி, வந்து போங்கோ. அங்கால உங்களுக்கு நிறைய மீன் நிக்குது," என்றார். கரடி எங்களைப் பார்த்தது. மூக்கை ஒருதரம் தூக்கியது. தன் வழியே போய்விட்டது. கேமரா என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அருவி உயரம் குறைவுதான், நின்ற ஆளைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஆற்றின் அகலத்துக்கு வெள்ளையாக விழுந்தது. எதிரே மரத்தில் கட்டிய பார்வை மேடை. அதில் ஏறி நின்றேன். பதினோரு கரடிகளை எண்ணினேன். விளிம்பில் இரண்டு நின்றன. நுரைக்குள் ஒரு பெரிய கரடி, வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்த மாதிரி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கைகளால் துழாவியது. இன்னொன்று முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தது. அவற்றுக்கு நடுவே மீன்கள் எகிறின. வெள்ளி மின்னுவது போல வந்து, பாறையில் முட்டி, விழுந்து, மறுபடி எகிறின.

நான் ஷட்டரை அமுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது.

"அக்கா?"

"ஒண்டுமில்லை. எவ்வளவு வேகம் பாருங்கோ. நான் இதைப் பனிக்கட்டியில படுக்க வைச்சுத்தானே கண்டனான்."

அப்புறம் அவர் சும்மா இருக்கவே இல்லை. மேடையில் இருந்த இருபது பேரும் கரடி மீனைக் கவ்வும்போதெல்லாம் 'ஆ' என்றார்கள். அக்கா மட்டும் மீன் கரடியைத் தாண்டி மேலே போய்ச் சேரும்போது கைதட்டினார். "போ, போ, போ! சபாஷ்!" கரடி ஒன்று பிடித்த மீனின் தோலையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியைத் தண்ணீரில் விட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாருங்கோ இந்த அநியாயத்தை! நல்ல நடுத்துண்டை எறியுது!"

எங்களுக்கு முன்னால் பெரிய லென்ஸ் வைத்திருந்த வெள்ளைத் தாடிக்காரர் திரும்பினார். ஜெர்மனில், "கொஞ்சம் அமைதியாக இருக்க முடியுமா?" என்றார். இங்கே தன் மொழி யாருக்கும் புரியாது என்று நினைத்து முணுமுணுத்திருக்க வேண்டும். அக்கா அதே ஜெர்மனில், எர்லாங்கன் ராகம் மாறாமல், "கரடிக்குக் காது கேட்கிறது, ஆனால் அதற்கு என்னால் ஒரு தொந்தரவும் இல்லை பாருங்கள்," என்றார். தாடிக்காரர் முகம் சிவந்துவிட்டது. கார்ல்ஸ்ரூஹேக்காரராம். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் நான் அறுநூறு படம் எடுத்தேன். சாயங்காலம் கூடாரத்தில் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். வெறும் தண்ணீர். மீனின் வால். தெறிப்பு. வாயை மூடிய கரடி. எர்லாங்கன் நாரைகளிடம் ஏற்கெனவே தோற்ற அதே நொடியில்தான் இங்கேயும் தோற்றிருந்தேன். மீன் கண்ணில் பட்ட பிறகு விரலை அமுக்கினால் அது எங்கேயோ போய்விடுகிறது.

இரண்டாம் நாள் நடுப்பகலில் அக்கா திடீரென்று "வருது!" என்றார். எதுவும் வரவில்லை. அடுத்த நொடி ஒரே சமயத்தில் நாலு மீன்கள் எகிறின. கொஞ்சம் கழித்து மறுபடி "வருது!" மறுபடி மீன்கள். ஐந்து முறை இப்படி நடந்த பிறகு கேட்டேன்.

"எப்படிக்கா தெரியுது உங்களுக்கு?"

"நீங்கள் எல்லாரும் மேல பாக்கிறியள். நான் கீழ பாக்கிறன். அந்த நுரைக்கு இஞ்சாலப் பக்கம் தண்ணி கறுக்குது, தெரியுதோ? அது தண்ணி இல்லை, மீனின்ர முதுகு. சேர்ந்து சேர்ந்து இடம் காணாமப் போனாத்தான் பாயுதுகள்."

அதன் பிறகு நான் லென்ஸை விளிம்பில் நிறுத்தி வைத்துக்கொண்டு அக்காவின் குரலுக்குக் காத்திருந்தேன். தாடிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, அந்த 'வருது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னார். மத்தியானத்துக்குள் அவரே தண்ணீரைக் கூர்ந்து பார்த்து "வருதூ!" என்று இழுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். பாதி முறை தவறாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டி, "இன்னும் கறுக்கேல்லை," என்று தமிழிலேயே பதில் சொன்னார். சாயங்காலம் எங்கோ டெக்ஸாஸிலிருந்து வந்த தம்பதியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் காலை நாங்கள் கிளம்ப வேண்டும். ஏரி மேல் பனிமூட்டம் படுத்துவிட்டது. மிதவை விமானம் வராது, நாளைக்குத்தான் என்றார்கள். பகலில் மட்டும் வந்துபோகும் பயணிகளும் வரவில்லை. மழை வேறு தூறியது. நான் மூட்டை முடிச்சோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று பேட்டரியில் இரண்டு தீர்ந்துவிட்டன, மூன்றாவதில் ஒரு கோடுதான் மிச்சம்.

"இருந்து என்ன செய்யிறது? எழும்புங்கோ," என்றார் அக்கா. "ஒரு நாள் சும்மா கிடைச்சிருக்கு."

மேடையில் தாடிக்காரர் மட்டும் குடைக்கடியில் நின்றார். மழையில் மீன்கள் முந்தைய நாளைவிட அதிகமாக வந்தன. பேட்டரியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அக்கா சொன்னால் மட்டும் அமுக்கினேன். விளிம்பில் ஒரு பெரிய கரடி நின்றது. இடது பக்கம் ஒரு மீன் எகிறியது. கரடி அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. அக்கா "வருது வருது!" என்று கத்தினார். நான் அமுக்கினேன். வலது பக்கமிருந்து இன்னொரு சால்மன், கரடியின் காதை உரசுகிற மாதிரி, முழு உடம்பையும் வளைத்துக்கொண்டு மேலே போனது. கரடிக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மீன் மேல் தண்ணீரில் விழுந்து, வாலை ஒரு முறை அடித்து மறைந்தது.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரரும் கொஞ்சம் கழித்து, குடையை மறந்து கைதட்டினார். நான் திரையைப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது: கரடியின் திரும்பிய முகம், ஈரக் காது, காதுக்கு மேலே வெள்ளியாக மீன், மீனின் கண் கூட. காட்டுவதற்காகக் கேமராவை அக்காவிடம் நீட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. பேட்டரி முடிந்துவிட்டது.

பிறகு இரண்டு மணி நேரம் கேமரா இல்லாமல் வெறுமனே நின்று பார்த்தேன். ஒரு தாய்க்கரடி கரைக்கு ஒரு மீனைக் கொண்டுவந்து போட, மூன்று குட்டிகள் அதை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. யாரோ தின்று விட்டுப்போன துண்டுகளைக் கடற்பறவைகள் அள்ளின. முதல் மூன்று நாளும் இவையெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். லென்ஸின் சின்ன வட்டத்துக்குள் கண்ணை வைத்திருந்த எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. அந்த இரண்டு மணி நேரம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்தது அபூர்வம்.

ஊர் திரும்பியதும் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தோழியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டு பிரித்த காலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. ஆனா கரடி வேற பக்கம் பாக்குதேடி," என்றாள்.

கீழ்வீட்டில் அண்ணை படத்தின் முன்னால் நின்று, "இது எத்தினை கிலோ வரும்?" என்று கேட்டார். அவர் கேட்டது கரடியை. அக்கா மீனின் எடையைச் சொன்னார்.

நவம்பரில் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேடையில் எங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருந்த தாடிக்காரர் எழுதியிருந்தார். அவர் வீட்டருகே தேவாலய மண்டபத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அலாஸ்கா படங்களைத் திரையிடுகிறாராம், நாங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டுமாம். ரயில் ஏறிப் போனோம். மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். மேசையில் ஆறு விதமான கேக். அவர் இன்னும் ஃபிலிம் ஸ்லைடு ஆள். ஒவ்வொரு படத்துக்கும் இயந்திரம் 'கடக்' என்று ஒலித்தது. கரடி, கரடி, கரடி. நன்றாகத்தான் எடுத்திருந்தார்; நான் கனவு கண்ட அந்தத் திறந்த வாய்ப் படம் கூட அவரிடம் இருந்தது. பொறாமைப்பட்டேன், அதை மறைக்க இரண்டாவது கேக் எடுத்துக்கொண்டேன்.

கடைசி ஸ்லைடில் கரடி இல்லை. மழையில் இரண்டு பெண்கள், பின்னாலிருந்து எடுத்தது. ஒருத்தி முக்காலியோடு முக்காலியாகக் குனிந்து கிடக்கிறாள். பக்கத்தில் இன்னொருவர் மழைக்கோட்டோடு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியிருக்கிறார். ஒரு கால் தரையில் இல்லை. அந்தப் பயணத்தில் எங்களை நாங்கள் ஒரு படம் கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மண்டபம் சிரித்தது. தாடிக்காரர் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு மூதாட்டி, "பயமாக இல்லையா?" என்று கேட்டார்.

"கரடிக்கா? இல்லை," என்றார் அக்கா. "அதுக்கு எங்களில் அக்கறையே இல்லை. அது மீனில் எதை முதலில் தின்கிறது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தோல், சினை, மூளை என்று வரிசையாகச் சொன்னார். கூண்டில் வளர்த்த மீனுக்கும் ஆற்று மீனுக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம், கடையில் வாங்கும்போது எங்கே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று கைகளால் காட்டினார். ஒருவர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் குறித்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு எந்த மீன் நல்லது என்று இன்னொருவர் கேட்டார். தாடிக்காரர் ஸ்லைடு இயந்திரத்தை அணைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

விடைபெறும்போது அவர் அந்தக் கடைசிப் படத்தின் பிரதி இரண்டை உறையில் போட்டுக் கொடுத்தார். அடுத்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அக்கா உறையைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"தங்கச்சி," என்றார் கடைசியில், "நான் இவ்வளவு கட்டையோ?"